மண்டபம் வீட்டில் பழைய ஜன்னல் திரைகளை இறக்கியபோது

போன மாசி மாதம் ஒரு நாள் காலையில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "ஹால் ஜன்னல் ராடு கழண்டு விழுந்துருச்சு. தோள்ல லேசா கீறல், வேற ஒண்ணும் இல்லை" என்றார். அம்மாவுக்கு 74 வயது. ஒண்ணும் இல்லை என்று அவர் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்று மாலையே பரமக்குடியில் பஸ் ஏறி மண்டபம் போய்விட்டேன்.

நடந்தது இதுதான். திரைத்துணியைத் துவைக்க வேண்டுமென்று அம்மா முக்காலியில் ஏறி, துணியோடு ராடையும் சேர்த்துத் தூக்கப் பார்த்திருக்கிறார். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்ததும் ராடு, அதைத் தாங்கிய இரும்பு பிராக்கெட், பிராக்கெட்டைப் பிடித்திருந்த சுவர்ப்பூச்சு எல்லாம் ஒன்றாகக் கீழே வந்துவிட்டன. ஜன்னல் கிராதியைப் பிடித்துக்கொண்டதால் அவர் விழவில்லை.

தரையில் கிடந்த பிராக்கெட்டை எடுத்து விரலால் அழுத்தினேன். அப்பளம் போல நொறுங்கியது. மற்ற ஜன்னல்களிலும் இதே வயது இரும்புதானே தொங்குகிறது என்று நினைத்ததும் பகீரென்றது. மொத்தம் 11 ஜன்னல். எல்லாவற்றையும் இறக்கிவிடுவது என்று அன்றைக்கு இரவே பேசி முடிவு செய்தோம். மூன்று நாளில் முடியும் என்று நான் போட்ட கணக்கு இரண்டு வாரமாக நீண்டது. அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டதைக் கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு எங்கள் வீட்டு நிலைமை சொல்லாமலே புரியும். ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே வர வர நிலம் ஒடுங்கிக்கொண்டே வந்து, பாம்பன் பாலத்துக்கு முன்னால் ஒரு நாக்கு மாதிரி நீண்டு கிடக்கும் ஊர். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்களுக்கு அது வடகடல், இது தென்கடல். மாடியில் நின்றால் இரண்டும் தெரியும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடை அடித்து வடகடல் உப்பை வடக்கு ஜன்னல்களுக்குள் கொண்டுவந்து போடும். கோடையில் கச்சான் காற்று திரும்பியதும் மறுபக்கத்து ஜன்னல்களின் முறை. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) விஞ்ஞானிகள் உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்ப்பதற்கு மண்டபத்தில் ஒரு சோதனை மையமே வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட காற்றில்தான் 20 வருடமாகச் சாதாரண இரும்பில் கனத்த துணியைத் தொங்கவிட்டிருந்தோம்.

வீட்டில் இரண்டு காலம் இருக்கிறது. முன்பக்கம் தாத்தா கட்டியது. கடலில் எடுத்த பவளக்கல், சுண்ணாம்புக் காரை. பின்பக்கமும் மாடியும் 1987-ல் அப்பா செங்கல்லும் சிமெண்டும் வைத்துச் சேர்த்தது. ஹாலின் மூன்று ஜன்னல்களில் தம்பி கல்யாணத்துக்கு வாங்கிய வெல்வெட் திரைகள், மேலே மரப்பெட்டி போல பெல்மெட். படுக்கையறைகளில் இரண்டு ஜன்னலுக்கு அலுமினியப் பட்டைகள் வைத்த வெனீசியன் பிளைண்ட், இரண்டுக்கு ஸ்பிரிங் கம்பியில் மாட்டிய துணி. அடுப்படியில் கொசுவலை. மாடியில் மேற்கு வெயிலுக்கு ஒரு சுருள் திரை. தாத்தா கட்டிய முன்பக்கத்து இரண்டு ஜன்னல்களில் மட்டும் பனையோலைத் தட்டி.

மறுநாள் காலை நான் செய்த முதல் தவறு, நேரே வேலையில் இறங்கியது. ஹாலில் மிச்சமிருந்த இரண்டு ஜன்னல்களையும் மதியத்துக்குள் வெறுமையாக்கிவிட்டேன். சாயங்காலம் விளக்குப் போட்டதும்தான் உறைத்தது, தெருவில் போகிற எல்லோருக்கும் எங்கள் ஹால் முழுசாகத் தெரிகிறது. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டார். அப்பாவின் பழைய வேட்டிகளைத் தேடி எடுத்துக் கிராதியில் கட்டிய பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தோம். ஒரு வீட்டுத் திரை என்பது அங்கே வசிப்பவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அதனால் எல்லோருக்கும் நான் சொல்வது, ஒரு அறையை முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். அந்த அறைக்கு இன்று இரவு எதைக் கட்டுவது என்று காலையிலேயே எடுத்துவைத்துவிட்டு ஏணியில் ஏறுங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இரண்டாவது நாள் நிதானமாக, டார்ச் லைட்டும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு பிராக்கெட்டைச் சுற்றியும் சுவரை விரல் மொட்டியால் தட்டிப் பார்த்தேன். நிறைகுடத்தைத் தட்டினால் ஒரு சத்தம், காலிக் குடத்தைத் தட்டினால் ஒரு சத்தம் அல்லவா, சுவரும் அப்படித்தான். காலிக் குடம் போலக் கேட்ட இடத்தில் பூச்சு ஏற்கெனவே சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது, ஸ்குரூவைத் தொட்டால் பூச்சும் சேர்ந்து வரும். பென்சிலால் அந்த இடங்களை வட்டம் போட்டுக்கொண்டேன். 11 ஜன்னலில் ஆறில் இப்படி இருந்தது. ஆறில் நான்கு வடக்குப் பார்த்தவை. வாடை எங்கே அடிக்கிறதோ அங்கேதான் கைவைக்க அஞ்ச வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பூச்சு ஏன் இப்படிப் பிரிகிறது என்று கொத்தனாரிடம் கேட்டேன். சுவருக்குள் போன ஸ்குரூ துருப்பிடித்தால் பருக்கும் என்றார். அவர் சொன்னது சரிதான். இரும்பு துருவானால் பழைய அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். சுவருக்குள் அதற்கு இடம் ஏது? உள்ளிருந்து நெம்பி, பூச்சை வெளியே தள்ளும். வெளியில் பெயிண்ட் மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெயிண்டில் மயிரிழை விரிசலோ பழுப்புக் கறையோ இருந்தால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

துணியை இறக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் துணி, அப்புறம் ராடு. இரண்டையும் சேர்த்துத் தூக்கக்கூடாது. அம்மாவுக்கு அடிபட்டதே அதனால்தான். வெல்வெட் திரை வாங்கும்போது இருந்த எடையில் இப்போது இல்லை, கையில் எடுத்தால் நனைந்த சாக்கு போலக் கனத்தது. காரணம் உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். எங்கள் ஊரில் ராத்திரிக்கு ராத்திரி அந்த அளவு ஈரம் இருக்கும். துணியில் படிந்த உப்பு இரவில் நீரை இழுக்கும், பகலில் கொஞ்சம் காயும், மறுபடி இழுக்கும். துணி தொடும் இடமெல்லாம் ராடு எப்போதும் உப்புத்தண்ணீரில் ஊறியபடியே இருந்திருக்கிறது. ராடின் வெளியே தெரிந்த இரண்டு முனைகளும் ஓரளவு நன்றாக இருக்க, துணி மூடியிருந்த நடுப்பகுதிதான் சல்லடையாகியிருந்தது. கனத்த துணி வீட்டைக் காக்கிறது என்று நினைத்திருந்தோம்.

தூசி பெரிய தொந்தரவு. கீழே பழைய சேலையை விரித்து, மூக்கை ஈரத்துணியால் கட்டிக்கொண்டு, துணியை உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டியபடியே இறக்க வேண்டும். நான் முதல் திரையை உதறிவிட்டு இரண்டு நாள் இருமினேன். கையுறை அவசியம். பெல்மெட் பெட்டிக்குள் பல்லி முட்டைகள், மண்குளவிக் கூடு, ஒன்றில் நல்ல நீளத்தில் ஒரு பூரான். கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். வேலையை வெளிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

இனி ஸ்குரூ. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எல்லாம் இறுகிப் போயிருந்தன, அவசரப்பட்டு முதல் நாளே இரண்டு ஸ்குரூவின் தலையைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டேன். அடுத்த வீட்டு அண்ணன் விசைப்படகில் போகிறவர். சனிக்கிழமை கடலுக்குப் போய் ஞாயிறு காலை கரைக்கு வந்தவர், நான் ஏணியில் நின்று மல்லுக்கட்டுவதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறார்.

"தங்கச்சி, இறங்குங்க. அது இன்னைக்கு வராது" என்றார்.

"நாளைக்கு மட்டும் வருமாண்ணே?"

"எண்ணெய் குடிச்சா வரும்."

படகில் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுவதுபோல்தான் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஸ்குரூ தலையின் வெட்டில் அடைத்துக்கொண்டிருக்கும் பெயிண்டையும் துருவையும் ஆணி முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். நான் இதைச் செய்யாததால்தான் ஸ்குரூடிரைவர் வழுக்கி வழுக்கித் தலை தேய்ந்தது. அப்புறம் மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்து ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விட வேண்டும். மண்ணெண்ணெய் இடுக்கில் இறங்கும், தேங்காய் எண்ணெய் வழவழப்பாக நிற்கும். இரவு முழுக்க விட்டு, காலையில் இன்னொரு முறை. அந்த நேரத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. காலையில் ஸ்குரூடிரைவரைப் பொருத்தி அதன் பின்புறத்தில் சுத்தியலால் லேசாக நாலு தட்டு. சுண்ணாம்புச் சுவரில் இந்தத் தட்டு வேண்டாம், எண்ணெயும் பொறுமையும் மட்டும்தான்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. "கழட்டப் போறதுக்கு முன்னாடி ஒரு நூல் இறுக்குங்க." இறுகியதை மேலும் இறுக்குவதா என்று தயங்கினேன். இறுக்கும் பக்கம் கொஞ்சம் அசைந்தால் துருவின் பிடி உடையும், அப்புறம் எதிர்ப்பக்கம் தானாக வரும். அப்படியே வந்தது. ஒரேயடியாகக் கழற்றாமல் அரைச் சுற்று கழற்றி, கால் சுற்று இறுக்கி, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாகப் போனால் மறையில் இருக்கும் துரு பொடியாகி வெளியே கொட்டிவிடும். மிச்சமிருந்த ஸ்குரூக்களில் பாதிக்கு மேல் இந்த முறையில் தலை உடையாமல் வந்தன.

நான் தேய்த்துவிட்ட இரண்டுக்கும் வேறு வழி. பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஆக்ஸா பிளேடை நுழைத்து ஸ்குரூவையே அறுத்தோம். பிளேடுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்தால் சுவர் கீறாது. சுவருக்குள் நின்றுவிட்ட துண்டை அப்படியே விட்டால் அது இன்னும் பருத்துப் பூச்சைத் தள்ளும். அதனால் சிமெண்டுச் சுவரில் மட்டும் சுற்றிலும் சிறிது உளியால் எடுத்து, கொறடால் பிடித்து இழுத்துவிட்டோம்.

சிமெண்டுச் சுவரில் மட்டும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முன்பக்கத்துப் பவளக்கல் சுவரில் உளி வைக்கப் போனபோது கொத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கல் உள்ளே பொத்தல் பொத்தலாக இருக்கும், ஒரு இடத்தில் அதிர்ந்தால் நாலு இடத்தில் காரை உதிரும். உடைந்தால் அதே கல்லை வைத்துச் சரிசெய்யவும் முடியாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கடலிலிருந்து எடுப்பது குற்றம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைதான் அலையின் வேகத்தைத் தாங்கி நம் கரையைக் காக்கிறது. தாத்தா காலத்தில் அது தெரியாமல் எடுத்துக் கட்டிவிட்டார்கள். கட்டிய சுவரையாவது பத்திரமாக வைத்துக்கொள்வது நம் கடமை என்று நினைக்கிறேன். அந்தச் சுவரில் அடித்திருந்த பழைய மரக்கட்டைகளைப் பிடுங்காமல், சுவர் மட்டத்துக்கு அறுத்துவிட்டு மேலே சுண்ணாம்புக் காரை பூசினோம். சிமெண்டு வைத்து அடைக்கக் கூடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், நடுவில் சிமெண்டை வைத்தால் ஈரம் அதைச் சுற்றித் தேங்கி அந்த ஓரத்திலேயே பொரிந்து விழும்.

வெள்ளையாக உப்புப் பூத்த இடங்களைத் தண்ணீர் விட்டுக் கழுவத் தோன்றும். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷால் தேய்த்து, உதிர்வதை முறத்தில் பிடித்து வெளியே கொட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி தேய்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டி, பெயிண்ட் எல்லாம்.

வெனீசியன் பிளைண்டுகளைக் கழற்றுவது வழி தெரிந்தால் எளிது. பட்டைகளை முழுக்க மேலே ஏற்றிக் கட்டிவிட வேண்டும். மேலே இருக்கும் பெட்டி போன்ற சட்டத்தின் இரு முனையிலும் பிராக்கெட்டுக்குச் சின்னதாக ஒரு கதவு இருக்கும். அதைத் திறந்தால் சட்டம் முன்னால் வரும். எங்கள் வீட்டில் அந்தக் கதவு திறக்கவில்லை, அலுமினியமும் இரும்பு ஸ்குரூவும் சேர்ந்த இடமெல்லாம் வெள்ளை மாவு பூத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் இதை வாங்கினோம். பழுப்பாகத் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் உப்புக்காற்றில் வேறு உலோகத்தோடு ஒட்டி இருந்தால் அலுமினியம் மாவாகிப் போகும். இரண்டு உலோகத்துக்கு நடுவே ஒரு ரப்பர் வாஷர் வைத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. கழற்றியதும் அதன் இழுக்கும் கயிறுகளைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன். அந்தக் கயிற்று வளையம் குழந்தைகளின் கழுத்தில் மாட்டும். என் பேத்தி விடுமுறைக்கு வந்தால் விளையாடுவது அந்த ஜன்னலடியில்தான்.

மாடியில் இருந்த சுருள் திரையில்தான் எனக்கு அடிபட்டது. அதன் உருளைக்குள் ஸ்பிரிங் இருக்கும். திரையைக் கீழே இழுக்க இழுக்க ஸ்பிரிங் முறுக்கேறும். கழற்றும்போது திரையை முழுக்க மேலே சுற்றவிட்டு, முறுக்கு இறங்கிய பிறகே உருளையைத் தூக்க வேண்டும். எங்கள் திரை பாதியில் சிக்கி நின்றுவிட்டது. பரவாயில்லை என்று அப்படியே தூக்கினேன். பிராக்கெட்டை விட்டு வெளியே வந்ததும் முனையிலிருந்த தட்டையான பின் சுழன்று கட்டைவிரலில் அடித்தது. நகம் கறுத்துப்போய் இரண்டு மாதம் இருந்தது. திரை சிக்கிக்கொண்டால் அந்தப் பின்னை முதலில் கொறடால் இறுகப் பிடித்துக்கொண்டு, வெளியே எடுத்ததும் மெதுவாகச் சுழலவிட்டு முறுக்கை இறக்குங்கள். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பியும் அப்படித்தான். பார்க்க நன்றாக இருக்கும், உறைக்குள் கம்பி முழுக்கத் துருவாக இருக்கும். அதை வெட்டாதீர்கள், வெட்டினால் சாட்டை போலத் திரும்பும். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கொக்கியிலிருந்து விடுவித்து, மெதுவாகத் தளர்த்துங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்படிக் கொசுவலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒட்டியிருந்த வெல்குரோ பட்டையின் பசை மட்டும் சட்டத்தில் நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் போய்விடும்.

முன்பக்கத்து ஓலைத் தட்டிகளைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பெரிய வேலை எடுக்கும் என்று நினைத்து ஏணி, ஸ்குரூடிரைவர், எண்ணெய்க் கிண்ணம் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். அம்மா உள்ளே போய் அரிவாள்மணையை எடுத்துவந்து, "இதுல அறுத்து விடு" என்றார். பனைநாரால் இரண்டு பக்கமும் மரச்சட்டத்து முளையில் கட்டியிருந்தது. நாரை அறுத்ததும் தட்டி என் கைக்கு வந்தது. இரண்டு ஜன்னலுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம். சுவரில் ஒரு கீறல் இல்லை, கறை இல்லை, பூச்சு உதிரவில்லை. ஓலை உளுத்திருந்தது, முளை அப்படியே இருந்தது.

"உங்க அப்பத்தா இருந்தவரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா தட்டி மாத்துவாங்க. பழசை அறுத்து அடுப்புல வைப்பாங்க, புதுசைக் கட்டுவாங்க" என்றார் அம்மா.

நான் அந்தத் தட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பத்து நாளாக நாங்கள் பட்ட பாடெல்லாம், இரும்பை நிரந்தரம் என்று நம்பிச் சுவரில் இறக்கியதால் வந்தது. மாட்டும்போது அழகாக இருக்கிறதா, உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, ஒருநாள் இதைக் கழற்ற வேண்டுமே, அதை யார் கழற்றுவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. அப்பத்தா யோசித்திருக்கிறார். இந்தக் கரையில் எதுவும் நிலைக்காது என்று தெரிந்தவர் அவர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது உயிரோடு வந்த உறவினர்களுக்கு இந்த முன்கட்டில்தான் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறார்.

புதிதாக என்ன மாட்டுவது என்ற கேள்வி அங்கேயே பாதி தீர்ந்துவிட்டது. இரும்பு வேண்டாம், கனத்த துணி வேண்டாம், அம்மா முக்காலியில் ஏற வேண்டிய எதுவும் வேண்டாம். அண்ணனிடம் சொன்னேன். அவர் ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படகுல பாய் ஏத்தி இறக்கலையா பெரியம்மா? அதேதான். கீழ நின்னே இறக்கலாம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அவர் சொன்னபடியே ஆசாரியிடம் பூவரசங்கட்டையில் முளைகள் செய்து வாங்கினோம். ஜன்னலின் மர நிலையில் மேலே இடப்பக்கம் ஒரு முளை, வலப்பக்கம் துளை போட்ட ஒரு முளை. வலப்பக்கத்து நிலையிலேயே தோள் உயரத்தில், இருபுறமும் கொம்பு நீட்டிய ஒரு கட்டை. படகுச் சாமான் கடையில் நைலான் கயிறு 4 மில்லி கனத்தில் வாங்கி, ஒரு நுனியை இடது முளையில் கட்டி, திரைத்துணியின் மேல்மடிப்புக்குள் கோத்து, வலது முளைத் துளை வழியாகக் கீழே இறக்கி, கொம்புக்கட்டையில் எட்டுப் போடுவதுபோல் சுற்றினால் கயிறு விறைப்பாக நிற்கும். கடைசிச் சுற்றில் ஒரு உருவுமுடிச்சு. மிச்சக் கயிற்றைத் தொங்கவிடாமல் அங்கேயே சுருட்டி வைத்துவிடுகிறோம், கீழே வளையம் எதுவும் இல்லை.

முளைகளைச் சுவரில் அடிக்கவில்லை, மர நிலையில் பித்தளை ஸ்குரூவால் பிடித்தோம். பித்தளை மென்மையானது, நேரே முறுக்கினால் தலை போய்விடும். முதலில் சின்னதாகத் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்குரூ ஒன்றை முறுக்கி எடுத்து மரத்தில் மறை உண்டாக்கிக்கொண்டு, பிறகு பித்தளை ஸ்குரூவில் மெழுகுவத்தியைத் தேய்த்து முறுக்க வேண்டும். எவர்சில்வர் ஸ்குரூ வேண்டுமென்றால் 316 தரம் என்று கேட்டு வாங்குங்கள். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். சாதாரணமாகக் கடையில் எடுத்துக் கொடுப்பது அந்தத் தரமாக இருக்காது. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கியும் எனக்குச் சின்ன அளவில் கிடைக்கவில்லை, அதனால்தான் பித்தளை.

துணி, பரமக்குடிக் கைத்தறிப் பருத்தி. என் வீட்டுக்குப் பக்கத்திலேயே தறி ஓடுகிறது. மெல்லிய துணிதான், வடக்கு ஜன்னல்களுக்கு அது போதும். மேற்கு ஜன்னலுக்கு மட்டும் வெளிப்பக்கம் புதுப் பனையோலைத் தட்டி கட்டினோம். வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தடுத்துவிடுவதால் மாடி அறை நன்றாகவே குளிர்ந்திருக்கிறது. துணியைத் தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள், கைத்தறி சுருங்கும்.

பழைய வெல்வெட் திரைகளை என்ன செய்வது என்று யோசித்தோம். உப்புப் போக நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைக்க வேண்டியிருந்தது. குடம் கணக்கில் தண்ணீர் பிடிக்கிற ஊரில் மனசு கேட்காத வேலைதான். முதல் முறை ஊறிய தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால் கரித்தது. அதைப் பூச்செடிகளுக்கு விடாமல் தென்னைக்கு விட்டோம். நன்றாக இருந்த பகுதிகளை வெட்டி, அண்ணன் வீட்டில் திண்ணைக்கு மெத்தை உறை தைத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் நடந்து நான்கு மாதம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை நான் போயிருந்தபோது அம்மா துணி துவைக்க உட்கார்ந்திருந்தார். இருந்தாற்போல் எழுந்து ஹாலுக்குப் போய், கொம்புக்கட்டையிலிருந்த முடிச்சை ஒரு இழுப்பு இழுத்தார். கயிறு தளர்ந்து திரை அவர் கைக்கு இறங்கி வந்தது. உருவித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நான் எழுந்திருப்பதற்குள் இரண்டாவது ஜன்னலுக்கு வந்துவிட்டார். மதியம் காய்ந்ததும் அவரே கோத்து, கீழே நின்றபடியே ஏற்றி, எட்டுப் போட்டுச் சுற்றினார். முக்காலி அடுப்படியில் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் இருந்தது.